உதிர்ந்த இறகு யாருடையது?

பனமலை ஏரிக்கரையில் மாலை நடந்துகொண்டிருந்தபோது என் தங்கை மகள் சட்டென்று குனிந்து எதையோ எடுத்தாள். ஓர் இறகு. அவள் விரலைவிடச் சற்று நீளம். ஒரு பாதி இரவு வானம் போலக் கருநீலம், மறுபாதி விடியற்கால வெளிர்நீலம். நடுவில் கோடு கிழித்துப் பிரித்ததுபோல இருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை. பள்ளியில் கைவேலைக்கு இறகு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஏரிக்கரையே கொடுத்துவிட்டது என்ற மகிழ்ச்சி அவள் முகத்தில். பின்னால் வந்த தங்கை பார்த்த மறுகணமே, “சீ, கீழ போடுடி. எதும்மேல கெடந்துதோ, எந்த நோவோ” என்றாள். பிள்ளை இறகைக் கீழே போடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: “மாமா, கழுவுனா போதும்ல?”

அந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. கழுவினால் போதுமா என்பது ஒரு கேள்வி. கழுவலாமா, வைத்துக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் நம் வீடுகளில் ஒரே பதில்தான் பழக்கத்தில் இருக்கிறது: “கீழே போடு.” அதற்கு மாற்றாக ஸ்டேஷனரி கடையில் பாக்கெட் தொங்குகிறது. பச்சை, ஊதா, ரோஜா நிறச் சாயம் ஏற்றிய இறகுகள். எந்தப் பறவையின் இறகு, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தச் சாயம் என்று பாக்கெட்டின் மேல் ஒரு வரி இருக்காது. ஏரிக்கரையில் பார்த்த இறகு அழுக்கு, பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது சுத்தம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். இது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. கோழியும் வாத்தும் மயிலும் கண்ணெதிரே இறகு உதிர்க்கும் ஊரில், அதை எடுக்கவும் தெரியாமல் விடவும் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்கிறது.

பனமலையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட ஊர். சிறு குன்று, அதையொட்டிப் பெரிய ஏரி. குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில். வடமொழியில் தாளம் என்றால் பனை. தாளகிரி என்பது பனமலையேதான். துணைச் சன்னதி ஒன்றின் சுவரில் பார்வதியின் ஓவியம் மிச்சமிருக்கிறது. தலைக்குமேல் குடை, ஒரு காலை மடித்து நிற்கும் ஒய்யாரம். ஈசனின் ஆடலைப் பார்த்து நிற்கிறாள் என்று சொல்வார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் இந்தப் பக்கம் வரும் வண்டிகள் கோட்டையோடு திரும்பிவிடுகின்றன. பனமலைக்கு வருபவர்கள் குறைவு. பறவைகளுக்கு அது நல்லதுதான்.

பிள்ளை கையிலிருந்த இறகு பனங்காடையுடையது. பெயரிலேயே பனை இருக்கிறது. மொட்டைப் பனையின் பொந்தில் முட்டையிடும், மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளிக்குக் காத்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறப் பறவை. பறக்க எழுந்தால்தான் அந்த நீலம் விரியும். பனையோடு வாழும் இன்னொரு பறவை பனை உழவாரன். காற்றில் பறந்துகொண்டே மிதக்கும் தூவிகளைக் கவ்விப் பிடித்து, தன் எச்சிலையே பசையாக்கி, பனையோலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கூடு செய்யும். விழுந்த இறகை எடுத்து ஒட்டிக் கைவேலை செய்வதில் இந்த ஊரில் அதற்குத்தான் மூத்த உரிமை.

தமிழில் இறகுக்கு எத்தனை சொற்கள் என்று பாருங்கள். பறப்பதற்கானது இறகு. மயிலுடையது பீலி, தோகை. உடம்பை ஒட்டிய மென்மயிர் தூவி. அதே வேரிலிருந்து வந்த தூவல் என்ற சொல்லை எழுதுகோலுக்கும் வைத்திருக்கிறோம். ஈழத்தில் பேனாவை இன்றும் தூவல் என்று எழுதுவோர் உண்டு. இத்தனை சொல் வைத்திருந்த மொழிக்காரர்கள் இறகைத் தொட்டுப் பழகியவர்கள். நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் பாடப்புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்த கதை இருக்கும். பென்சில் சீவலைத் தீனியாகப் போட்டு, குட்டி போடும் என்று நம்பி, பக்கத்தைத் திறக்காமல் காத்திருந்த கதை. அந்த நம்பிக்கை பொய்யாக இருக்கலாம். காத்திருந்தது பொய் இல்லை. ஒரு பொருளைக் கெடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு அங்கேதான் தொடங்கியது.

சட்டத்தின் பார்வையில்

முதலில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 காட்டுயிர்களின் உடற்பகுதிகளை ‘டிராஃபி’ என்ற சொல்லால் குறிக்கிறது. யானைத் தந்தம், மான் கொம்பு, புலி நகம் எல்லாம் அதற்குள் வரும். அதே பட்டியலில் இறகும் இருக்கிறது. முட்டையும் கூடும்கூட இருக்கின்றன. காட்டுயிர் இறந்து கிடந்தாலும் அது அரசின் சொத்து என்கிறது அந்தச் சட்டம். முன்பு ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொல்லை தரும் உயிர்கள் என்று காக்கை, எலி போன்றவற்றை அதில் வைத்திருந்தார்கள். 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. காக்கை இறகுதானே, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது. சட்டத்தை மீறினால் பொதுவான தண்டனையே மூன்றாண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும்.

கீழே கிடந்த இறகை எடுத்ததற்காக ஒரு குழந்தையை யாரும் வழக்கில் இழுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இழுக்கவும் கூடாது. ஆனால் சட்டம் ஏன் இவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உதிர்ந்த இறகையும் பிடுங்கிய இறகையும் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலரால் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது. கீழே கிடந்தது என்று சொல்ல இடம் கொடுத்தால், வலை விரிப்பவனும் அதையே சொல்வான். நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளுக்காகக் கொக்குகளும் மீன்கொத்திகளும் உலகமெங்கும் கொத்துக்கொத்தாகச் சுடப்பட்டன. அதை எதிர்த்து இங்கிலாந்தில் 1889இல் பெண்களே கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பறவைகளுக்கான அரச சங்கமாக அது இன்றும் நிற்கிறது. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி செய்வதற்கு 1902இலேயே தடை வந்துவிட்டது. அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான நாட்டுப் பறவைகளின் இறகு வீட்டு வாசலில் விழுந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கொலைகளின் நினைவில்தான் இந்தச் சட்டங்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன.

பனங்காடைக்கும் அப்படி ஒரு துயரம் உண்டு. தெலங்கானாவில் தசராவன்று அதைப் பார்த்தால் நல்ல சகுனம் என்பது வழக்கம். வானத்தில் பார்த்தவரை சிக்கல் இருக்கவில்லை. பிடித்துக் கூண்டில் அடைத்துத் தெருத்தெருவாகக் காட்டிக் காசு வாங்கத் தொடங்கியபின் இறக்கை கட்டப்பட்டும் பட்டினி கிடந்தும் பறவைகள் செத்தன. தெலங்கானா, கர்நாடகம், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களின் மாநிலப் பறவைக்கு இந்த நிலை. ஓர் இறகின் அழகு ஒரு சந்தையை உண்டாக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மயிலுக்கு மட்டும் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 1963 முதல் நம் தேசியப் பறவை. முதல் அட்டவணையில் இருப்பது. மயிலைக் கொல்வது கடும் குற்றம். ஆனால் அதன் தோகை இறகையும் அதில் செய்த பொருள்களையும் உள்நாட்டில் விற்கவும் வாங்கவும் விலக்கு உண்டு. ஏற்றுமதிக்குத் தடை. காவடி, கோயில் விசிறி, தர்காவில் மந்திரிக்கும் பீலிக்கட்டு என்று மக்கள் வாழ்க்கையில் அது ஊறிப்போனதால் தந்த விலக்கு. ஆண் மயில் ஆண்டுக்கொருமுறை தோகையை முழுவதுமாக உதிர்க்கும், ஒரு மயிலுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 இறகுகள். ஆகவே கொல்லாமலே கிடைக்கும் என்பது விலக்கின் நியாயம்.

அந்த நியாயம் எங்கள் பக்கத்து வயல்களில் ஆட்டம் காண்கிறது. மல்லாட்டை விதைத்த கொல்லையை மயில்கள் கிளறிவிடுகின்றன. வேலியில் கிழிந்த புடவைகளைக் கட்டிப் பார்த்து, பட்டாசு வெடித்துப் பார்த்து, கடைசியில் தானியத்தில் பூச்சிமருந்து கலந்து வைக்கும் கொடுமை தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் செய்தியாகியிருக்கிறது. விவசாயியின் இழப்பு உண்மையானது. அதற்கு ஈடு தராமல் அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் அப்படிச் செத்த மயிலின் தோகையும் சந்தைக்கு வரக்கூடும். அதனால் மயிலிறகை எடுத்ததும் அடித்தண்டைப் பார்க்கப் பழக வேண்டும். தானாக உதிர்ந்தது என்றால் தண்டின் அடி வெளுத்து, காய்ந்து, மூடிக்கொண்டு இருக்கும். பிடுங்கியது என்றால் இரத்தக் கறையோ தோல் துணுக்கோ ஒட்டியிருக்கும். அடியை வெட்டிவிட்டு விற்கிறார்கள் என்றால் எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள்.

கைவேலைக்கு எது உகந்தது என்றால் என் பதில் இதுதான்: வீட்டுக் கோழி, வாத்து, வான்கோழி ஆகியவற்றின் இறகும், நம் கண்ணெதிரே உதிர்ந்து கிடக்கும் மயில் தோகையும் போதும். மற்றப் பறவைகளின் இறகைக் குனிந்து பார்க்கலாம், அளக்கலாம், வரையலாம், படம் பிடிக்கலாம். பிறகு அங்கேயே விட்டுவிட வேண்டும்.

கோழி இறகா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு நாட்டுச் சேவலை வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கழுத்தில் நெருப்பு நிறம், வாலில் பச்சை மின்னும் கருமை, முதுகில் அரக்கு. சேவல் வளர்ப்பவர்கள் காகம், கீரி, மயில் என்று நிறத்தை வைத்துத்தான் பெயரிடுகிறார்கள். வளைந்த வாலிறகு ஒன்று போதும், ஒரு பிள்ளை அதை வைத்து ஒரு வாரம் படம் செய்யும். நெல் அறுவடை முடிந்த கழனிகளில் வாத்து மேய்ப்பவர்கள் கூட்டம் கூட்டமாக வாத்துகளை ஓட்டி வருவார்கள். கூட்டம் அடுத்த கழனிக்கு நகர்ந்தபின் வரப்போரம் வெள்ளையும் பழுப்புமாக இறகு சிதறிக் கிடக்கும். எடுப்பவர் இல்லை. பாக்கெட்டில் விலை கொடுத்து வாங்குவதும் அதுபோன்ற வளர்ப்புப் பறவைகளின் இறகுதான், சாயம் மட்டும் கூடுதல்.

கழுவும் முறை

இனி, கழுவினால் போதுமா என்ற கேள்வி. தங்கையின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இறகில் பேனும் உண்ணியும் அவற்றின் முட்டையும் இருக்கலாம். எச்சம் பட்டிருந்தால் சால்மோனெல்லா இருக்கலாம். புறா எச்சம் காய்ந்து தூசியானால் அதில் வளரும் பூஞ்சை நுரையீரலுக்குக் கெடுதல். கிளி வகைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்றும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் பறவைக் காய்ச்சல். இந்தியாவில் அது முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில் கண்டறியப்பட்டது. 2021 தொடக்கத்தில் இமாச்சலத்தின் பொங் அணையில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அதே சமயத்தில் கேரளத்தின் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் வளர்ப்பு வாத்துகளுக்குத் தொற்றியது. அங்கே நோய் வரும்போதெல்லாம் தமிழ்நாட்டு எல்லையில் வண்டிகளை நிறுத்தி மருந்து தெளிக்கிறார்கள். ஆகவே முதல் விதி: செத்துக் கிடக்கும் பறவையின் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. அதிலிருந்து இறகு எடுக்கக் கூடாது. ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் நோய் என்று செய்தி வந்துவிட்டால் அந்தப் பருவத்தில் இறகு வேலையையே நிறுத்திவிட வேண்டும்.

நோய்ச் செய்தி இல்லாத நாளில், நல்ல கோழியின் இறகை எப்படிச் சுத்தம் செய்வது? எடுக்கும்போது கையில் உறை, அல்லது ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுக்கலாம். எச்சம் பிசுபிசுத்து ஒட்டியதை, பூஞ்சை பிடித்ததை, தண்டு பிளந்ததை அங்கேயே கழித்துவிட வேண்டும். மிச்சத்தை முற்றத்தில் உதறக் கூடாது. தூசி பறந்தால் மூச்சில் போகும். பையோடு இறுகக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் மூன்று நான்கு நாள் வைக்க வேண்டும். வெளியே எடுத்து இரண்டு நாள் சாதாரண வெப்பத்தில் விட்டு, மறுபடியும் மூன்று நாள் ஃப்ரீசர். முதல் குளிரில் பேன் சாகும். தப்பிய முட்டை வெளிவெப்பத்தில் பொரித்தால் இரண்டாவது குளிர் அதையும் முடித்துவிடும். உணவு வைக்கும் பெட்டியில் இதை வைக்க மனம் ஒப்பாதவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்த படியைக் கவனமாகச் செய்யலாம். ஏனென்றால் குளிர் பூச்சிகளைத்தான் கொல்லும், கிருமிகளை அல்ல. பறவைக் காய்ச்சல் வைரஸ் குளிரில் இன்னும் நீண்டநாள் உயிரோடு இருக்கும். அதை அழிப்பது சோப்பும் சூடும்தான். அந்த வைரஸைச் சுற்றி இருப்பது கொழுப்பு உறை. சோப்பு அதைக் கரைத்துவிடும். 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்தாலும் அது செயலிழக்கும் என்கிறார்கள் கால்நடை அறிவியலாளர்கள்.

ஆனால் இறகைக் கொதிக்க வைக்கக் கூடாது. இறகு நம் நகம் போலக் கெரட்டினால் ஆனது. கொதிநீரில் முறுக்கிக்கொண்டு உருவம் கெடும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் பூந்திக்கொட்டை ஊறிய நுரை. பட்டையும் கம்பளியையும் துவைக்க நம் பாட்டிகள் பயன்படுத்திய அதே நுரை. அது கிடைக்காவிட்டால் தலைக்குப் போடும் மென்மையான ஷாம்பு சில துளி. துணி சோப்பும் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். கால் மணி நேரம் ஊறவிட்டு, அடித்தண்டைப் பிடித்துக்கொண்டு, தண்டிலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில் விரலால் நீவ வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் இழை பிரிந்துபோகும். தண்ணீர் தெளிவாகும்வரை நான்கைந்து முறை அலச வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடிலும் 70 சதவீத ஆல்கஹாலிலும் சம அளவு எடுத்து அரை மணி நேரம் ஊற வைப்பார்கள். இதைப் பெரியவர்கள் மட்டும், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு எட்டத்தில், வேண்டிய அளவுக்கு மட்டும் கலந்து செய்ய வேண்டும். கருமையான இறகின் நிறம் இதில் கொஞ்சம் வெளுக்கலாம். குழந்தைகள் கையில் இந்தப் பாட்டில்கள் போகவே கூடாது.

நனைந்த இறகைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். மயிலிறகு நனைந்ததும் மின்னல் போய்க் கறுத்துவிடும். சேவல் வாலும் செத்த ஓலை போல ஒட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டாம். நுண்ணோக்கியின் தொடக்க காலத்தில், 1665இல், ராபர்ட் ஹூக் மயிலிறகை நனைத்துப் பார்த்து, தண்ணீர் பட்டால் நிறம் மறைவதை எழுதிவைத்திருக்கிறார். அந்த நிறம் சாயம் இல்லை. மயிலிறகில் உள்ள நுண்ணிய அடுக்குகள் ஒளியைப் பிரித்துத் திருப்பி அனுப்புவதால் தெரியும் நிறம். காய்ந்தால் திரும்ப வரும். பனங்காடையின் நீலமும் இப்படித்தான், அதில் நீல நிறமி ஒரு துளிகூடக் கிடையாது. வெயிலுக்கு எதிரே பிடித்து ஊடாகப் பார்த்தால் நீலம் போய் மங்கிய பழுப்பு தெரியும். குன்றின்மேல் பார்வதியின் வண்ணங்கள் கல்லும் மண்ணும் அரைத்துப் பூசியவை. கீழே ஏரிக்கரையில் கிடக்கும் நீலம் எதையும் பூசாமல் வந்தது. இரண்டையும் ஒரே மாலையில் ஒரு குழந்தைக்குக் காட்ட முடிகிற ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்?

காயவைப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. செய்தித்தாள்மேல் பரப்பி, நிழலில், காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும். முக்கால்வாசி காய்ந்ததும் பிள்ளையை உட்காரவைத்து, பிரிந்து நிற்கும் இழைகளை இரண்டு விரலால் அடியிலிருந்து நுனிக்கு நீவச் சொல்லுங்கள். பிரிந்தவை பொருந்திக்கொள்ளும். இறகின் ஒவ்வோர் இழையிலும் இன்னும் சிறிய கிளையிழைகள், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு காற்றுப் புகாத பரப்பாகின்றன. பறவை நாள்தோறும் அலகால் கோதிக்கொள்வது இந்தக் கொக்கிகளை மாட்டத்தான். வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்துப் பூசிக்கொள்வதும் அப்போதுதான். பறவை தன் அலகால் செய்ததைப் பிள்ளை தன் விரலால் செய்கிறது. பத்து நிமிடத்தில் ஓர் இறகு உயிர்பெற்று நிமிர்வதை அது தன் கையாலேயே பார்க்கும். அறிவியல் பாடத்தில் படமாகப் பார்த்து மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஆசிரியர்கள் அறிவார்கள். இன்னும் வளைந்தே இருந்தால் இட்லிப் பானையிலிருந்து வரும் ஆவியில் பெரியவர்கள் ஒரு கணம் காட்டி நீவினால் சரியாகிவிடும்.

எடுத்து வைக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலின் சில குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பிறவியிலேயே ஒரு நொதி குறைந்த பிள்ளைகளுக்கு அது உயிருக்கே ஆபத்து. மிட்டாய் போலத் தெரிவதால் வாயில் போடவும் செய்வார்கள். நன்றாக மூடும் டப்பாவும் காய்ந்த வேப்பிலையும் போதும், ஆறு மாதத்துக்கொருமுறை திறந்து பார்த்தால் போதும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிய இறகாகவே இருந்தாலும் காது குடைய வேண்டாம். கோழி இறகால் காது குடைவது நம் ஊர்த் திண்ணைகளின் பழைய சுகம்தான். காதுக்குள் காயமும் சீழும் வந்து அவதிப்பட்டவர்களை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

மேல்சித்தாமூரின் பீலி

இந்த ஊர்ப்பக்கத்தில் உதிர்ந்த இறகுக்கு ஒரு பழைய ஒழுக்கம் இருக்கிறது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அங்கேதான். திகம்பரத் துறவிகள் கையில் வைத்திருக்கும் இரண்டே பொருள்களில் ஒன்று கமண்டலம், மற்றது மயிற்பீலிக் கட்டு. உட்காருமுன், நிற்குமுன், நூலைத் திறக்குமுன் அந்த இடத்தில் எறும்பு இருந்தாலும் நசுங்கிவிடாமல் அதால் மெல்ல விலக்குவார்கள். அதற்கு மயிலிறகைத் தேர்ந்தது அது மென்மையானது என்பதால். உதிர்ந்த இறகையே எடுக்க வேண்டும் என்பது விதி. உயிரைக் காக்கும் கருவிக்காக ஓர் உயிரை வருத்தினால் அந்தக் கருவிக்கே பொருள் இல்லாமல் போகும். சட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எங்கள் மண்ணில் இந்தக் கோடு கிழிக்கப்பட்டிருந்தது.

சங்க காலத்தில் போரில் மாண்டவருக்கு நட்ட கல்லில் பீலி சூட்டினார்கள். எங்களுக்கு மேற்கே செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக வைத்தோம். பீலி எவ்வளவு மெல்லியது என்பதை வைத்தே வள்ளுவர் அரசனுக்கு அளவு சொன்னார். இறகு நமக்கு விளையாட்டுப் பொருளாக மட்டும் இருந்ததில்லை.

இதைப் பள்ளிக்குள் கொண்டுவருவது கடினமான காரியமா? அகமதாபாத்தில் 2021இல் தொடங்கிய ‘ஃபெதர் லைப்ரரி’ என்ற முயற்சி, இறந்த பறவைகளின் இறகுகளை வனத்துறையின் அனுமதியோடு அளந்து, படமெடுத்து, எந்தப் பறவையின் எந்த இறகு என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்க இணையத்தில் வைத்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் கழுவெளி இருக்கிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள பள்ளிகளின் பிள்ளைகளாவது ஓர் இறகைக் கண்டால் என்ன செய்வது என்று தெரிந்தவர்களாக வளர வேண்டாமா? ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபின் தொடக்கப் பள்ளிகளில் கைவேலைக்கு இடம் கூடியிருக்கிறது. இறகு கொண்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பிள்ளை எதையாவது எடுக்கும், அல்லது கடையில் வாங்கும். எந்த இறகு, எங்கே எடுப்பது, எப்படிக் கழுவுவது, எதை விட்டுவிடுவது என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்பினால் அது பாடமாகிவிடும்.

வனத்துறையும் பள்ளிக் கல்வித் துறையும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் சேர்ந்து ஒரே ஒரு பக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை கொடுத்தால் போதும். கோழி, வாத்து இறகு கைவேலைக்குத் தடையில்லை என்று தெளிவாக இருக்கட்டும். உதிர்ந்த மயில் தோகை பள்ளியில் இருந்தால் குற்றமில்லை என்று இருக்கட்டும். மற்றப் பறவைகளின் இறகைக் கற்பிப்பதற்காகச் சேர்க்க விரும்பும் பள்ளி எந்த அலுவலரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று இருக்கட்டும். பறவைக் காய்ச்சல் காலத்தில் நிறுத்திவைக்கும்படி இருக்கட்டும். ஆசிரியர்கள் சட்டத்துக்குப் பயந்து இறகையே தவிர்ப்பதும், சட்டமே தெரியாமல் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அனுப்புவதும் இரண்டுமே தவறு. ஒரு தாளில் தீர்கிற குறை இது.

அன்று மாலை பிள்ளையிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இது பனங்காடையுடையது, நாம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, இறகைப் பக்கத்தில் கரைக்கல்லின்மேல் வைத்து, அளந்து வரைந்தாள். இரண்டு நீலத்தையும் பிரித்துத் தீட்ட இரண்டு கலர் பென்சில் போதவில்லை, மூன்றாவதையும் எடுத்தாள். முடித்ததும் இறகை எடுத்த இடத்திலேயே, பனையடியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அவள் அம்மாவே கோழிக்கூண்டைத் திறந்து விட்டாள். சேவல் உதிர்த்திருந்த ஏழு இறகுகள் கிடைத்தன. பூந்திக்கொட்டை நுரையில் கழுவிய அந்த ஏழும் இப்போது அவர்கள் வீட்டுத் திண்ணையில் செய்தித்தாள்மேல் காய்ந்துகொண்டிருக்கின்றன.